வயிற்று நோட்டு

புதூர்நாட்டுக்கு மேலே ஒரு துணை சுகாதார நிலையத்தில் பதினோரு வருடமாக நான் நர்சாக இருக்கிறேன். பெயர் பூங்கோதை, ஆனால் இந்த மலையில் அது யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் நான் நர்சம்மா. தடுப்பூசி, கர்ப்பிணிகள் பதிவு, இரும்புச்சத்து மாத்திரை, வீடு வீடாக நடை, இதுதான் வேலை. வயிற்றைப் பற்றி ஒரு நோட்டுப் போட்டு எழுத வேண்டும் என்று எந்த உத்தரவும் இல்லை. அது டாக்டர் கவியா கேட்டது.

கவியா தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். கீழே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. முதல் வாரத்திலேயே ஓர் ஆள் வந்து "வவுறு பேசுதுங்க" என்று சொல்லியிருக்கிறான். "என்ன பேசுது?" என்று இந்தப் பெண் கேட்க, அவன் ரொம்ப யோசித்துவிட்டு, "அது ஒங்களுக்குத்தாங்க தெரியும்" என்றானாம். அன்று சாயங்காலமே எனக்கு போன் வந்தது.

"அக்கா, இங்க வயித்தைப் பத்தி யார் என்ன சொன்னாலும் அப்படியே ஒரு நோட்டுல எழுதி வைங்க. எனக்கு உதவியா இருக்கும்."

எனக்கு ஒரு குணம் உண்டு. ஒரு வேலையைத் தொட்டால் அதிலேயே விழுந்துவிடுவேன். முகாமுக்கு வாங்கி மிஞ்சிய நூறு பக்க நோட்டு ஒன்று இருந்தது. முதல் நாளே நாலு பக்கம் நிரம்பிவிட்டது. பாருங்களேன், ஒரு வயிறு என்னென்ன வேலை செய்கிறது. பொறாமை வந்தால் எரிகிறது. பயம் வந்தால் அதில் யாரோ புளியைக் கரைக்கிறார்கள். நல்ல சேதி வந்தால் பால் வார்க்கிறார்கள். பிழைப்பைக் கெடுத்தால் வயிற்றில் அடிக்கிறார்கள். கூலிக்குப் போகிறவனைக் கேட்டால் வயிற்றைக் கழுவப் போகிறேன் என்கிறான். உண்டாகியிருக்கிற பெண் வாயும் வயிறுமாக இருக்கிறாள். அண்ணன் தம்பி சண்டை போட்டால், ஒரே வயிற்றில் பிறந்துவிட்டு இப்படியா என்று ஊரே கேட்கிறது. பெற்ற தாயானாலும் பிள்ளையின் பசி அவள் பசி ஆகாது என்பதற்கு, தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று ஒரு பழமொழி வேறு. இத்தனை நாள் இதையெல்லாம் நானும்தான் பேசிக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்தபோதுதான் ஆச்சரியமாக இருந்தது.

ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் ஆதிநாராயணன் அங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். சனிக்கிழமை நான் இறங்கிப் போனதும் நோட்டை வாங்கிப் பார்த்தார். பார்த்தவர் சும்மா இருப்பாரா. உதரம், அகடு, மோடு, பண்டி, கும்பி என்று பழைய பெயர்களாகச் சொல்லிக்கொண்டே போனார். சகோதரன் என்ற சொல்லுக்குள்ளேயே உதரம் இருக்கிறது, அதுவும் ஒரே வயிற்றுக்காரன் என்றுதான் அர்த்தம் என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது, எழுதிக்கொண்டேன். மற்றபடி, அகடு வலிக்கிறது என்று மலையில் யாராவது வந்தால் நேராக உங்களிடமே அனுப்பிவைக்கிறேன் என்றேன். கும்பியை மட்டும் கேலி செய்ய முடியவில்லை. கும்பி காயுது என்று இன்றைக்கும் ஜனங்கள் சொல்லத்தான் செய்கிறார்கள்.

நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, வலிகளை எழுதினேன். எரியுது, பொருமுது, பிசையுது, பொரட்டுது, முறுக்குது, கடுக்குது, கவ்வுது, சுருக்குங்குது, மந்தமா இருக்குது, கொடகொடங்குது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது என்னவாக இருக்கும், என்ன கொடுக்கலாம் என்றும் குறித்தேன். முப்பத்தெட்டு சேர்ந்திருந்தது. கவியா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இதை அச்சுப் போடலாம்" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கப்புறம் நோயாளி வருவதை விட வார்த்தை வருவதற்குத்தான் காத்திருந்தேன் என்று சொன்னால், வெட்கமாக இருந்தாலும், அதுதான் உண்மை.

மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மலையெங்கும் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதரை மணி இருக்கும். மாதம்மாள் வந்தாள். ரோட்டிலிருந்து ஏறிப் போனால் ரெண்டு கிலோமீட்டரில் அவள் கொல்லை, நிலமும் வீடும் அங்கேதான். நாற்பது வயதுக்குள் இருப்பாள். அதிகம் பேச மாட்டாள். வந்து வாசற்படியில் நின்றாள்.

"இன்னா மாதம்மா?"

"எங்கூட்டுக்காருக்கு வவுறுங்க."

"கோபால்சாமிக்கா? எங்க வலி?"

"வவுத்துலதாங்க" என்றபடி, கதவோரம் ஸ்டூல் மேல் இருந்த தண்ணீர்க் குடத்தின் வளைவில் கையை வைத்தாள்.

அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வந்திருக்கிறாள், தாகம் போலிருக்கிறது என்று ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தேன். குடித்தாள். குடித்துவிட்டு மறுபடியும் குடத்தின் அதே வளைவில் கையை வைத்தாள். இன்னொரு டம்ளர் கொடுத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதையும் குடித்தாள்.

நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். என்னிடம்தான் முப்பத்தெட்டு இருக்கிறதே. "எரியுதா? பொருமுதா? பிசையுதா?" என்று வரிசையாகக் கேட்டேன். அவள் ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்து பதில் சொன்னாள். எரியவில்லையாம். முதலில் பொரட்டியதாம். இப்போது இழுத்துப் பிடிக்கிறதாம்.

"நேத்து இன்னா சாப்ட்டாரு?"

"சாமச் சோறு, மொச்சக் குழம்புங்க."

மொச்சை என்றதும் எனக்கு முடிந்துபோயிற்று. வாயு. அதற்கு எதிரே என் நோட்டில் என்ன எழுதியிருந்ததோ அந்த மாத்திரையை நாலு எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். "சாப்ட்டதும் ஒண்ணு குடு. சாயங்காலத்துக்குள்ள கொறையலைன்னா கூட்டினு வா" என்றேன். மாத்திரையை வாங்கி மடியில் முடிந்துகொண்டாள். போகவில்லை. சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

வெயிலில் வந்த களைப்பு ஆறட்டும் என்று இருக்கிறாள் என நினைத்தேன். அப்போது எனக்குத் தோன்றிய புத்தியைச் சொல்கிறேன், கேளுங்கள். சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாள், நாலு வார்த்தை வாங்கலாமே என்று தோன்றியது.

"ஏன் மாதம்மா, ரொம்பப் பசிச்சா ஒங்க ஊர்ல இன்னான்னு சொல்வீங்க?"

"கபகபங்குதும்போங்க."

"அப்பறம்?"

"பெருங்குடல சிறுகுடல் திங்குதும்போம்."

எழுதினேன். "வேற?"

அவள் வாசலைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சாமப் பயிரு கதிரு தள்ளறதுக்கு முந்தி, வாயும் வவுறுமா இருக்குதும்போங்க" என்றாள்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. பெண்ணுக்குச் சொல்வதைப் பயிருக்கும் சொல்கிறார்கள். இது எங்கள் வீட்டுக்காரருக்கே தெரிந்திருக்காது. அப்படியானால் அந்த நேரத்தில் பயிரை எப்படிப் பார்த்துக்கொள்வார்கள், கொல்லைக்குள் நடக்கலாமா கூடாதா, அதற்கு எதுவும் படைப்பார்களா என்று கேட்டுக்கொண்டே போனேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இடையில் ஒருதரம், "அவுருக்கு இழுத்துப் புடிக்கிறது கொக்கி போட்ட மாரி இருக்குதாங்க" என்றாள். 'கொக்கி போட்ட மாதிரி' என்பதை முப்பத்தொன்பதாக எழுதி, அடியில் ஒரு கோடு போட்டேன்.

பத்தே முக்காலுக்கு கவியாவின் போன் வந்தது. எங்கள் இடத்தில் ஜன்னல் கம்பியில் மாட்டினால்தான் சிக்னல். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நின்றபடி பேசுவேன். மறுநாள் ஊசிக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டாள். பன்னிரண்டு என்றேன். அதோடு விட்டிருக்கலாம். பெருமை விடவில்லை.

"டாக்டர், இன்னைக்கு ஒண்ணு புதுசா கெடைச்சது. கொக்கி போட்ட மாதிரி இழுக்குதாம்."

"யாருக்கு?"

"கோபால்சாமின்னு ஒருத்தர். மொச்சை சாப்ட்டிருக்காரு, வாயு. மாத்திரை குடுத்துட்டேன்."

"எந்த எடத்துல இழுக்குதுன்னாங்க அக்கா?"

நான் நோட்டைப் பார்த்தேன். இழுப்பது எப்படி என்று எழுதியிருந்தேன். எங்கே என்று எழுதவில்லை. முப்பத்தொன்பது வகை வைத்திருக்கிறேன், ஒன்றிலும் இடம் இல்லை. ஆள் இங்கே வந்திருந்தால் தொட்டுப் பார்த்திருப்பேன். வராத ஆளுக்கு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு மருந்து கொடுத்திருக்கிறேன்.

"இருங்க டாக்டர், அவர் பொண்டாட்டி இங்கதான் இருக்குது." மாதம்மாள் பக்கம் திரும்பி, "எந்த எடம் மாதம்மா? இங்கயா?" என்று என் தொப்புளுக்குக் கீழே கையை வைத்தேன்.

மாதம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஒங்க மேல வெச்சிக் காட்டாதீங்க நர்சம்மா."

இது ஒன்றும் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அடுத்தவருக்கு வந்த நோவை நம் உடம்பில் தொட்டுக் காட்டக் கூடாது, காட்டினால் அது அந்த இடத்தைத் தேடி வந்துவிடும் என்பார்கள். கீழே எங்கள் ஊரிலும் உண்டு. யாருக்காவது முதுகில் கட்டி என்றால் என் அம்மா சுவரில்தான் தொட்டுக் காட்டுவாள். ஊசியும் மாத்திரையுமாகப் பதினோரு வருடம் ஓடியதில் எனக்கு அது மறந்தே போயிருந்தது. மாதம்மாளுக்கு மறக்கவில்லை. வலியில் கிடப்பவர் அவள் புருஷன், ஆனாலும் அவள் அதை எனக்கு வர விடவில்லை.

"சரி, அந்தப் படத்துலயாவது காட்டு" என்று சுவரில் ஒட்டியிருந்த கர்ப்பிணிப் பெண்ணின் படத்தைக் கைகாட்டினேன்.

"அவ புள்ளத்தாச்சிங்க, அவ மேல காட்லாமா?"

"வேற எதுல காட்டுவ?"

"காட்னனே. வந்தவொடனே காட்னனே" என்று குடத்திடம் போனாள். காலையில் கை வைத்த அதே இடத்தில், குடத்தின் கீழ்ப்பக்கத்து வளைவில், ஓரமாக ரெண்டு விரலை அழுத்தினாள்.

எனக்கு ரெண்டு டம்ளர் தண்ணீரும் ஞாபகம் வந்தது. கவியா போனில் "என்ன அக்கா, என்ன சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"குடத்துல காட்டுது டாக்டர். கீழே, ஓரமா."

"எந்த ஓரம்? குடத்துக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?"

டாக்டர் கேட்டது சரியான கேள்வி. மாதம்மாள் ஒரு கணம் குடத்தைப் பார்த்தாள். பிறகு, "அவுரு சோத்தாங்கைப் பக்கங்க" என்றாள். இதைச் சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு நேரம்தான் ஆயிற்று. கேட்டிருந்தால் ஒன்பதரைக்கே சொல்லியிருப்பாள்.

அதற்குப் பிறகு கவியா கேட்க, மாதம்மாள் ஜன்னலருகே வந்து நேராகவே பதில் சொன்னாள். எப்போது ஆரம்பித்தது? நேத்து காத்தால, புளி ஒலுக்கசொல்ல. முதலில் எங்கே வலித்தது? தொப்புளைச் சுத்தி, அப்பறமா எறங்கி ஒரே எடத்துல நின்னுக்கிச்சு. வாந்தி? ரெண்டு வாட்டி. காய்ச்சல்? ஒடம்பு சுடுது. காலை நீட்டிப் படுக்கிறாரா? இல்லீங்க, மடக்கிக்கினுதான் கெடக்கறாரு.

"அக்கா, குடல்வால் மாதிரிதான் தெரியுது. வாய்வழியா ஒண்ணும் குடுக்காதீங்க, மாத்திரைகூட வேணாம். வயித்தை யாரும் அழுத்தக் கூடாது. எப்படியாவது ரோட்டுக்குக் கொண்டாந்துடுங்க. நான் இங்க ஆம்புலன்ஸை நிறுத்தி வைக்கிறேன்."

அழுத்தக் கூடாது என்றதும் மாதம்மாளின் முகம் மாறிற்று. "எங்கொழுந்தனாரு தடவறவர இட்டாரப் போயிருக்காருங்க" என்றாள்.

குடலேறிக்கொண்டது என்று இந்தப் பக்கத்தில் விளக்கெண்ணெய் போட்டு இழுத்துத் தடவுவார்கள். வெறும் வலி என்றால் சுகமாகத்தான் இருக்கும். உள்ளே பழுத்துக்கொண்டிருக்கிற குடல்வால் மேல் கையை வைத்து அழுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் கதவைக்கூடப் பூட்டவில்லை.

ரோட்டோரம் வெற்றிவேல் ஜீப்பில் புளி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். இறக்கு என்றேன்.

"திருப்பத்தூர்ல யாவாரி காத்துக்கினு இருக்கார்ங்க நர்சம்மா. போய்ட்டு ஒடனே வர்றேன்."

"டேய், எம் வயித்தெரிச்சலக் கொட்டிக்காத. எறக்கு."

பாதி மூட்டை ரோட்டோரமாக இறங்கியது. ஜீப் போகிற மட்டும் போய், மிச்சத்தை ஏறினோம். மாதம்மாள் எனக்கு முன்னால் ஏறினாள். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மூச்சு வாங்கி வாங்கி ஏறும்போது ஒன்றே ஒன்றைத்தான் கணக்குப் போட்டேன். ஒன்பதரைக்கும் பத்தே முக்காலுக்கும் நடுவில் ஒன்றேகால் மணி நேரம். அந்த நேரத்தில் நான் சாமைப் பயிரின் வயிற்றைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. தடவுகிறவர் வந்துவிட்டிருந்தார். கண்ணாயிரம் என்று பெயர், நல்ல மனிதர், கைராசிக்காரர் என்று நாலு ஊரில் சொல்வார்கள். கோபால்சாமியின் தலைமாட்டில் உட்கார்ந்து, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கைய வெக்காதீங்க" என்று வாசலிலிருந்தே சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கோபித்துக்கொள்ளாமல் எண்ணெய்க் கையைத் தன் முழங்காலில் துடைத்துக்கொண்டார். "நானும் இன்னும் தொடல. ஆளு தொட வுடல" என்றார்.

கோபால்சாமி ஒருக்களித்து, வலது காலை மடக்கிக்கொண்டு கிடந்தார். நெற்றி கொதித்தது. நான் குடத்தை நினைத்துக்கொண்டு, அதே இடத்தில், ரெண்டு விரலை மட்டும் மெல்ல வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்ட பிடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

கண்ணாயிரமே முதல் ஆளாக வந்து கழியைத் தோளில் வைத்தார். போர்வையில் டோலி கட்டி நாலு பேர் இறக்கினார்கள். ஜீப்பில் புதூர்நாடு, அங்கிருந்து ஆம்புலன்ஸில் மலையிறக்கம். ஒவ்வொரு வளைவிலும் அவர் பல்லைக் கடித்தார். மாதம்மாள் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்னபடி ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்காமல் வந்தாள். அவர் கேட்டபோதெல்லாம் இதோ இதோ என்றாள். திருப்பத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் ரெண்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.

வெளியே பெஞ்சில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நோட்டில் எழுதி எதிரே 'பயம்' என்று குறித்து வைத்திருந்தவள் நான். அன்றைக்கு அந்தப் பெஞ்சில்தான் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அவர் செத்துப்போனால் நான் எந்த முகத்தோடு அந்த மலையில் ஏறுவேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலரை மணிக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் வெளியே வந்தார். பிழைத்துக்கொண்டார் என்றார். "இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா உள்ளயே வெடிச்சிருக்கும். யாரும்மா கரெக்டா கண்டுபுடிச்சு அனுப்பினது?" என்று கேட்டார். மாதம்மாள் என்னைக் கைகாட்டினாள். எனக்கு நிலத்துக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

அவர் போனதும் என்னால் வாயைக் கட்டிவைக்க முடியவில்லை. "மாதம்மா, நான் ஒண்ணும் கண்டுபுடிக்கல. வாயுன்னு மாத்திர குடுத்து ஒன்ன அனுப்பிட்டேன். நீ போயிருந்தீனா அவ்ளோதான். என்னமோ நீ வெயிலுக்கு ஒக்காந்த, பொழச்சாரு" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மாதம்மாள் மடியை அவிழ்த்து, காகிதத்தில் மடித்தது மடித்தபடி அந்த நாலு மாத்திரைகளையும் எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"வெயிலுக்கு ஒக்காரலீங்க. ரெண்டாவது டம்ளரு தண்ணி குடுத்தீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சிப்போச்சுங்க, ஒங்களுக்கு வெளங்கலன்னு. அதான் போவாம ஒக்காந்துக்கினு இருந்தேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"எப்பிடிங்க சொல்றது? நீங்க எழுதிக்கினு இருந்தீங்களே."

"எழுதினா இன்னா? கூப்புட வேண்டியதுதான?"

"எந்த ஆபீசுக்குப் போனாலும், எழுதிக்கினு இருக்கறவங்கள நடுவுல கூப்ட்டா கோவிச்சிக்கறாங்க. திரும்பி அனுப்பிடுவாங்க. எழுதி முடிக்கட்டும், நிமுந்து பாத்தாச் சொல்லலாம்னு இருந்தேங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. இப்படித்தானே வழக்கம் என்பது போலச் சொன்னாள்.

அன்று காலை நான் எழுதியது ஒன்றரைப் பக்கம். எல்லாம் அவள் சொன்னது.